சம்பந்தி கொடுத்த வண்டியில் சார்ஜ் ஏறவில்லை

மார்ச் 2

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் நலம். தங்கள் நலமும், சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, என் மகள் ஆகியோர் நலமும் அறிய ஆவல். வரிசைப்படுத்தாமல் எழுதினால் எனக்கே குழம்பிவிடும் என்பதால், இக்கடிதத்தில் உள்ளவற்றை முதலிலேயே தந்துவிடுகிறேன்:

1. தாங்கள் அன்புடன் அளித்த மோட்டார் சைக்கிள் வந்து சேர்ந்த விவரம்
2. அதன் சிறப்புகள்
3. ஒரு சிறு கவனிப்பு (புகார் அல்ல)
4. அதுகுறித்து நான் செய்த சோதனைகள்
5. பிழை முழுவதும் என்னுடையதே என்பது

முதலாவது. சென்ற மாதம் இருபதாம் தேதி காலை பத்தேகாலுக்கு வண்டி லாரியில் வந்து இறங்கியது. கீறல் இல்லை. தெருவில் நிறுத்த மனம் வராமல் முன்னறையில் நிறுத்தியிருக்கிறேன். அலமாரிக்குப் போக வேண்டுமானால் என் மனைவி இப்போது சமையலறை வழியாகச் சுற்றிப் போகிறாள். “சம்பந்தி ஆசையா குடுத்தது. நான் சுத்திட்டே போறேன், எனக்கென்ன” என்றாள். சொன்ன தொனியை எழுத்தில் கொண்டுவர இயலவில்லை.

இரண்டாவது. பெட்ரோல் டேங்கில் என் முகம் தெரிகிறது. முப்பத்தொரு வருடம் எடைக்கற்களையும் தராசுகளையும் சோதித்த எடை அளவை ஆய்வாளன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்படிப் பராமரித்த இரும்பை நான் கண்டதில்லை.

மூன்றாவது. பேட்டரி இறங்கிவிடுகிறது. கடையில் சார்ஜ் ஏற்றி வந்தால் இரண்டு நாள் ஓடுகிறது. மூன்றாம் நாள் ஹாரன் இருமுகிறது. நான்காம் நாள் எத்தனை உதைத்தாலும் கிளம்புவதில்லை. இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட் மேலுள்ள ஆம்ப் மீட்டரின் முள் பிளஸ் பக்கம் வர வேண்டும் என்று கேள்வி. இது மைனஸ் பக்கமே சாய்ந்து படுத்திருக்கிறது.

நான்காவது. இன்ஜின் ஓடாதபோது பேட்டரியில் ஆறு புள்ளி மூன்று வோல்ட். இன்ஜினை நன்றாக ஓடவிட்டால் இது ஏற வேண்டும். ஆறு புள்ளி ஒன்றாக இறங்குகிறது. ஐந்து முறை பார்த்தேன்.

ஐந்தாவது. இதுவரை அலுவலக ஸ்கூட்டரைத் தவிர எதையும் நான் ஓட்டியதில்லை. என் கைராசி அப்படி. தங்களிடம் நாற்பது வருடம் ஓடிய வண்டி என்னிடம் வந்து நிற்கிறதென்றால் குறை யாரிடம் என்பது தெளிவு.

சுவர்க் கடிகாரம் விஷயத்தில் நடந்ததை நான் மறக்கவில்லை. நாளொன்றுக்கு நான்கு நிமிடம் தாமதம் என்று, தாங்கள் கொடுத்த பரிசையே ஒன்றரைப் பக்கச் சோதனை அறிக்கையோடு திருப்பி அனுப்பினேன். தாங்கள் பதினோரு மாதம் என்னுடன் பேசவில்லை. “அப்பா, இனிமே இந்த வீட்டிலேருந்து எது வந்தாலும் வாயத் திறக்காம வாங்கி வெச்சுக்கோங்க. நான் இங்க வாழணும்” என்று என் மகள் அழுதாள். ஆகவே இது புகார் அல்ல. போனில் கேட்காமல் எழுதுவதும் அதனால்தான். அங்கே போனை எடுப்பது அவள்.

தங்கள் அன்பிற்கு என்றும் கடமைப்பட்ட,
சம்பந்தி


மார்ச் 6

அன்புள்ள சம்பந்திக்கு,

லெட்டர் கிடைச்சுது. என் கண்ணு இப்போ சரியில்ல, பூதக்கண்ணாடி வெச்சு ரெண்டு தடவை படிச்சேன். அஞ்சு நம்பர் போட்டு எழுதியிருக்கீங்க. பஸ் டிப்போல நான் ஃபோர்மேனா இருந்தப்போ ஒரு பய இப்படி ரிப்போர்ட் எழுதினதில்ல.

பாருங்க, அது கிழட்டு வண்டி. உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி? குறைன்னு பட்டா கூச்சப்படாம எழுதி, லாரில ஏத்தி விட்டுடுங்க. லாரிக்காரன நானே அனுப்பறேன். கடிகாரத்துக்கு எழுதின மாதிரி ஒன்றரைப் பக்கம் எழுதுங்க, கோவிச்சுக்க மாட்டேன். ரெண்டு பக்கம் எழுதினாலும் சரி.

கண் டாக்டரப் பாக்க 29-ந்தேதி உங்க ஊருக்கு வர்றேன். காலைல எட்டு மணி ரயில். வண்டி ஓடுதா இல்லையான்னு அப்போ நேர்லயே பாத்துடலாம். ஓடலைன்னாலும் ஒண்ணும் இல்ல. சொல்லிட்டேன்.

இப்படிக்கு,
சம்பந்தி


மார்ச் 9

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கண்டு வெட்கினேன். ‘திருப்பி அனுப்புங்கள்’ என்று எழுதும்போது தங்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எனக்குப் புரிகிறது. என் மனைவியும் படித்துவிட்டு, “மனுஷர் நொந்து போய் எழுதியிருக்கார். இந்தத் தடவையும் திருப்பி அனுப்பினீங்க, பொண்ணு மூஞ்சில நாம முழிக்க முடியாது” என்றாள்.

திருப்பி அனுப்பமாட்டேன். இது உறுதி. இருபத்தொன்பதாம் தேதி இதே வண்டியில் ரயில் நிலையத்துக்கு வந்து தங்களை அழைத்துச் செல்வேன். இதுவும் உறுதி என்று எழுதியிருந்தேன்; அடித்துவிட்டு ‘முயல்வேன்’ என்று திருத்துகிறேன்.

புதுப் பேட்டரி வாங்கினேன். அதுவும் நான்காம் நாள் இறங்கிவிட்டது. ஆகவே குறை பேட்டரியில் இல்லை. ஆனால் அதைப் பொருத்தும்போது ஒன்று கவனித்தேன். சொல்லலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். பேட்டரியின் பிளஸ் முனை வண்டியின் சட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. நான் படித்த வரையில் மைனஸ்தான் சட்டத்துக்குப் போக வேண்டும். வழியில் யாரோ மாற்றியிருப்பார்களோ? தங்கள் அனுமதி கிடைத்தால் திருப்பிப் பொருத்துகிறேன். கிடைக்கும்வரை தொடமாட்டேன்.

பணிவுடன்,
சம்பந்தி


மார்ச் 12

சம்பந்தி,

கைய வெச்சுடாதீங்க!! அந்தக் காலத்து வண்டி, அதுக்கு பாசிட்டிவ்தான் எர்த்து, பிளஸ்தான் சட்டத்துக்குப் போகும். திருப்பிப் போட்டா எல்லாம் புகைஞ்சு போயிடும். நான் போட்ட கூச்சல்ல உங்க சம்பந்தியம்மா கரண்டியோட ஓடி வந்துட்டா. “யாருக்கு என்ன ஆச்சு?”ன்னா. “பிளஸ்ஸத் திருப்பப் பாக்கறார்டி”ன்னேன். “அதுக்கா இப்படி? நான் யாரோ போயிட்டாங்கன்னு நெனச்சேன்”னு திட்டிட்டுப் போனா.

இதுக்குத்தான் சொல்றேன். உங்களுக்கும் இந்த வண்டிக்கும் ஒத்து வராது. இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. எத்தனையோ நல்ல டிரைவருங்களுக்கே சில பஸ்ஸு ஒத்து வந்ததில்ல. அனுப்பிடுங்க.

உங்க பொண்ணு உள்ளேர்ந்து, “என்ன மாமா, அப்பா வண்டியப் பிரிச்சுட்டாரா?”ன்னு கேட்டா. ஒண்ணும் இல்லேன்னுட்டேன்.

சம்பந்தி


மார்ச் 15

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நல்ல வேளை, தொடவில்லை. கேட்காமல் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து ஒரு வேளை சாப்பிடவில்லை.

விஷயம் மகளுக்குத் தெரிந்துவிட்டதோ என்பதே இப்போது என் பெரிய கவலை. அவள் கேட்டபோது முகம் எப்படி இருந்தது? சாப்பாடு பரிமாறும்போது வழக்கம்போல் இருந்தாளா? தாங்கள் என்மேல் வைத்திருக்கும் வருத்தத்தை என்னிடமே காட்டுங்கள். அவளிடம் வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

வேறு வழியின்றி, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரேயுள்ள மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து ஒரு தட்டுத் தட்டினார். “டைனமோ செத்துடுச்சு, பெரியவரே. இதெல்லாம் மியூசியத்துல வைக்கிற சாமான். கழட்டிக் கடாசிட்டு, வேற புது செட்டு மாட்டிடலாம். ரெண்டு மணி நேர வேலை” என்றார். இன்ஜினைக்கூட அவர் ஓடவிட்டுப் பார்க்கவில்லை என்பது என் மனதை உறுத்தியது. ஆனால் அவர் தொழில் தெரிந்தவர், நான் தெரியாதவன். இருபத்தொன்பதுக்கு இன்னும் பதினான்கு நாள்தான் இருக்கிறது. தங்களுக்குச் சம்மதமானால் பழைய டைனமோவைக் கழற்றச் சொல்கிறேன்.

பணிவுடன்,
சம்பந்தி


மார்ச் 17
(அவசரம்)

சம்பந்தி,

எவன் அவன்? தட்டிப் பாத்துச் சொன்னானா? தட்டிப் பாக்க அதென்ன தேங்காயா? அந்த டைனமோவுக்கு ஒண்ணும் இல்ல! நான் என் கையால புஷ் மாத்தி, கார்பன் மாத்தி, பாப்பா மாதிரி வெச்சிருந்தது. அவன வாசப்படி ஏத்தாதீங்க.

நான் சொல்றத அப்படியே செய்ங்க. டைனமோ மேல டி, எஃப்னு ரெண்டு வயர் வரும். ரெண்டையும் கழட்டுங்க. அந்த ரெண்டு முனையையும் ஒரு செம்புக் கம்பியால சேத்துடுங்க. வோல்ட் மீட்டர்ல ஒரு வயர் அந்தக் கம்பிக்கு, இன்னொண்ணு வண்டிச் சட்டத்துக்கு. இன்ஜின மெதுவா ஓட விடுங்க, முறுக்காதீங்க. முள்ளு சர்ருனு பத்து வரைக்கும் ஏறணும். ஏறலைன்னா என் மீசைய எடுத்துடறேன்.

எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா அந்த டைனமோவப் போய் செத்துடுச்சுங்கறான், கேட்டுக்கிட்டு இருக்க முடியல.

உங்க பொண்ணு நல்லா இருக்கா. நேத்து என் கண்ணாடிய ஒளிச்சு வெச்சுட்டு, தேடவிட்டு வேடிக்கை பாத்தா. முகம் எப்படி இருந்ததுன்னு நான் பாக்கல, கண்ணாடி இல்லியே.

சம்பந்தி


மார்ச் 21

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தாங்கள் எழுதியதை ஒன்பது படிகளாகப் பிரித்து, சுவரில் ஒட்டிவைத்து, ஒவ்வொன்றாகச் செய்தேன். படித்துச் சொல்ல என் மனைவியை நிறுத்திக்கொண்டேன். “இரும்புக்கு ஜுரம் பாக்கற வீடு இது ஒண்ணுதான்” என்றாலும் ஒரு படியையும் விடாமல் படித்தாள்.

முதலில் முள் பின்னால் போய் முட்டிக்கொண்டு நின்றது. பாசிட்டிவ் எர்த் என்பதை மறந்து மீட்டரின் வயர்களை மாற்றிப் பிடித்திருக்கிறேன். சரியாகப் பிடித்ததும் நான்கு, ஆறு, எட்டு, பத்து என்று ஏறியது. தங்கள் மீசைக்கும் டைனமோவுக்கும் நூறு ஆயுசு.

அப்படியானால் டைனமோவில் கரண்ட் பிறக்கிறது, ஆனால் வண்டியில் அது பேட்டரிக்கு வந்து சேரவில்லை. கோளாறு வழியில்தான் இருக்க வேண்டும். ஒரு பல்பையும் பேட்டரியையும் வைத்து ஒவ்வொரு வயராகச் சோதித்தேன். டி வயரில் பல்பு எரிந்தது. எஃப் வயரில் எரியவில்லை. அது போய்ச் சேரும் இடத்தைத் தேடி, சீட்டுக்கு அடியில் இருந்த, சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெட்டியைத் திறந்தேன்.

எஃப் வயர் அதன் ஸ்க்ரூவில் இல்லை. கழற்றப்பட்டு, நுனியில் கறுப்பு டேப் சுற்றி, மூலையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அந்த வயர் இல்லையென்றால் டைனமோவின் காந்தத்துக்குக் கரண்ட் போகாது. காந்தம் இல்லையென்றால் சார்ஜ் இல்லை. மாட்டினேன். இன்ஜினை ஓடவிட்டேன். முள் பிளஸ் பக்கம் வந்தது.

அந்த டேப், பாதிமேல் பாதியாக, சாய்வாக, கடைசி நுனி உள்ளே மடித்துச் சுற்றப்பட்டிருந்தது. வண்டியில் டேப் சுற்றிய மற்ற இணைப்புகள் பதினேழு. பதினேழிலும் அதே சுற்று, அதே மடிப்பு.

இதற்குமேல் இதுபற்றி எழுத நான் விரும்பவில்லை. துடைக்கும்போது நானே அந்த வயரைக் கழற்றிவிட்டிருப்பேன். பிறகு மறதியாக டேப்பும் சுற்றி வைத்திருப்பேன். இந்த வயதில் நடக்கக்கூடியதே. தங்களுக்கு வீண் சிரமம் கொடுத்தமைக்கு மன்னிக்க வேண்டும்.

பணிவுடன்,
சம்பந்தி


மார்ச் 24

சம்பந்தி,

நீங்க கழட்டினீங்களா? சீட்ட எப்படித் தூக்கறதுன்னே போன வாரம் வரைக்கும் உங்களுக்குத் தெரியாது. என் தப்ப உங்க தலையில எடுத்துப் போட்டுக்கிட்டு என் மானத்த வாங்காதீங்க. நான்தான் கழட்டினேன்.

நீங்க இங்க வந்திருந்த அன்னைக்கு மதியம் சாப்பிட உக்காந்திருந்தப்போ உங்க மாப்பிள்ளை எல்லார் முன்னாடியும், “அப்பா கேட்டுல ரெண்டு தடவை இடிச்சுட்டார், இனிமே வண்டியத் தொடக் கூடாது”ன்னு சொன்னான் பாருங்க. எனக்குப் பொத்துக்கிட்டு வந்துது. “தொடலைடா! இந்தா, சம்பந்திக்கே குடுத்துட்டேன்!”னு சொல்லிட்டேன். வீம்பு. நீங்க ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க எழுந்து நின்னு கும்பிட்டு வாங்கிக்கிட்டீங்க!

குடுத்தத எப்படித் திருப்பிக் கேக்கறது? நான் மாப்பிள்ளையோட அப்பன். லாரி வர்றதுக்கு முன்னாடி ஷெட்டுக்குப் போனேன். வண்டிக்குக் கெடுதல் வரக் கூடாது, ஆனா ஓடவும் கூடாது. எஃப் வயரக் கழட்டினேன். கடிகாரத்தத் திருப்பி அனுப்பின மனுஷன் இதை அனுப்பாம இருப்பாரான்னு கணக்குப் போட்டேன். நீங்க என்னடான்னா, அனுப்புங்க அனுப்புங்கன்னு நான் எழுத எழுத இன்னும் கெட்டியாப் புடிச்சுக்கிட்டீங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன். ஷெட்ல வெளிச்சம் பத்தல, என் கண்ணும் பத்தல. டார்ச் புடிச்சது உங்க பொண்ணு.

“எஃப் போதும் மாமா. அப்பாவுக்கே அந்த வண்டியக் கண்டா பயம், வேணாம்னு சொல்லத் தெரியாம வாங்கிட்டுப் போறார். நாலே நாள்ல குறை கண்டுபிடிச்சு, பட்டியல் போட்டு, திருப்பி அனுப்பிடுவார். ரெண்டு பேருக்கும் நிம்மதி”ன்னா. நான் கீழ போட்ட ஸ்க்ரூவத் தேடி எடுத்துத் திரும்ப மாட்டி வெச்சதும் அவதான்.

அவ முகத்த யாரும் இங்க வாட விடல, சம்பந்தி. அந்தக் கடிகாரம் இப்போ அவ ரூம்லதான் தொங்குது, நாலு நிமிஷம் லேட்டாவே. நான் எதுக்காவது குரல் உசத்தினா அதக் கையக் காட்டிச் சிரிக்கறா. இந்த வீட்ல நான் பயப்படற ஆள் ஒண்ணே ஒண்ணுதான், அது உங்க பொண்ணு.

29-ந்தேதி கண் டாக்டர்லாம் சும்மா. வண்டியக் கேக்கத்தான் வர்றேன். ஓட்ட மாட்டேன், சத்தியமா. ஷெட்ல நின்னா போதும், தொட்டுப் பாத்துக்கறேன். குடுத்துடுங்க. கேக்கறதுக்கு வெக்கமாத்தான் இருக்கு. கேட்டுட்டேன்.

சம்பந்தி


மார்ச் 26

அன்புள்ள சம்பந்திக்கு,

இக்கடிதத்தை நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றிலும், ‘தாராளமாக எடுத்துச் செல்லுங்கள், என் கையாலேயே துடைத்துத் தருகிறேன்’ என்று எழுதிக் கிழித்தேன். நான்காவது இது.

தங்கள் கடிதத்தில் டார்ச் வரும் இடத்தை என் மனைவி இரண்டு முறை உரக்கப் படித்தாள். பிறகு இருவரும் வெகுநேரம் சிரித்தோம். சிரித்து முடித்தபின் எனக்குக் கண் கலங்கியது. அவள் அங்கே எப்படி இருக்கிறாளோ என்று ஒன்றரை வருடம் நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவள் அங்கே உங்கள் ஷெட்டில் ஸ்க்ரூ தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்காகப் பயந்து நான் இனி எதற்கும் தலையாட்ட வேண்டியதில்லை என்று புரிய ஒரு நாள் முழுவதும் பிடித்தது.

ஆகவே சொல்கிறேன். வண்டியைத் தரமாட்டேன்.

மகள் சொன்னது உண்மைதான். எனக்கு அந்த வண்டியைக் கண்டு பயமாக இருந்தது. லாரியிலிருந்து இறக்கும்போதே, இதைத் திருப்பி எடுத்துப் போய்விட மாட்டார்களா என்று இருந்தது. தாங்கள் எஃப் வயரைக் கழற்றாமல் விட்டிருந்தால் இன்றைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். முன்னறையில் நின்று பழசாகியிருக்கும். என் உத்தியோகத்தில் நான் கைவைத்த பொருளெல்லாம் முத்திரை குத்தப்பட்டு ஒரு மூலையில் நின்றவைதான். நான் கைவைத்து, உயிர் வந்து, ஓடிய பொருள் இது ஒன்றுதான். இருபத்தோராம் தேதி முள் பிளஸ் பக்கம் வந்தபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டிலிருந்து ஆட்கள் வந்து என்ன ஏது என்று விசாரித்தார்கள்.

மறுநாள் காலை மார்க்கெட்வரை ஓட்டிப் போனேன். பட்டப்பகலில் ஹெட்லைட் போட்டுக்கொண்டு போனேன், முள் இறங்குகிறதா என்று பார்க்க. இறங்கவில்லை. பின்னால் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். மெதுவாகப் போங்கள் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். “இதுக்குமேல போகாதா?” என்றாள். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் என்னைக் கேட்காத கேள்வி.

இருபத்தொன்பதாம் தேதி காலை ஏழரைக்கு ரயில் நிலையத்தில் இருப்பேன். தாங்கள் பின்னால் உட்கார வேண்டும். தோளைப் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் கியர் மாற்றச் சொல்லி முதுகில் குத்தக் கூடாது. எத்தனை நாள் வேண்டுமானாலும் இங்கே தங்கி வண்டியைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பூட்டும் சாவியும் மட்டும் என்னிடம் இருக்கும். வரும்போது கண் டாக்டரிடம் காட்ட வேண்டிய பழைய சீட்டுகளையும் எடுத்து வாருங்கள். ‘சும்மா’ என்று தாங்கள் எழுதியதை நான் ஏற்கவில்லை. பத்து மணிக்கு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். வண்டியிலேயே போகலாம்.

மகளிடம் நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன். டார்ச் பிடித்ததற்காக அல்ல. நாலே நாளில் கண்டுபிடிப்பேன் என்று என்னை மதிப்பிட்டாளே, அதற்காக. எனக்கு இருபத்தொன்பது நாள் பிடித்தது.

கடைசியாக ஒரு திருத்தம். மார்ச் 2-ஆம் தேதிக் கடிதத்தில் ஐந்தாவதாக, பிழை முழுவதும் என்னுடையதே என்று எழுதியிருந்தேன். ஐயத்துக்கு இடமின்றி மீண்டும் சோதித்துப் பார்த்தேன். அது தவறு.

அன்புடன்,
தங்கள் சம்பந்தி